எழுதிவிட்டு வந்தால் பேச என்ன இருக்கும்? கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மாதாந்திரப் படக்கூட்டம்: ஒரு நிகழ்வு ஆய்வு

படங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் கூட்டம் எங்களுடையது. ஆறாவது மாதக் கூட்டத்துக்கு வந்தவர்கள் நாலு பேர், என்னையும் சேர்த்து. முதல் மாதம் அதே அறையில் பத்தொன்பது பேர். நாற்காலி போதாமல் இரண்டு பேர் மிருதங்கப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார்கள். அறை மாறவில்லை, ஞாயிறு மூன்று மணியும் மாறவில்லை. அந்த ஆறு மாதத்தில் என்ன கெட்டது, பிறகு எதை மாற்றினோம், எது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கணக்கெழுதுவதுபோல் எழுதி வைக்கிறேன். பினாங்கில் இப்படி ஒன்றைத் தொடங்கலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. தியேட்டர்கள் மூடின. அதுவரை ஆளுக்கொரு பக்கம் படங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்த நாங்கள் ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் சேர்ந்தோம். கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர், செந்தூலில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், ஒரு வழக்கறிஞர், பல்கலைக்கழக மாணவர்கள் சிலர், வங்கியில் வேலை செய்யும் நான். அப்புறம், கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு தியேட்டர் வாசலிலேயே விமர்சனம் சொல்லும் தம்பி ஒருவர். எங்கள் எல்லாருடைய விமர்சனத்தையும்விட அதிகம் பேர் பார்ப்பது அவருடையதைத்தான். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும், அவருக்கும் தெரியும்.

கட்டுப்பாடு தளர்ந்ததும் நேரில் சந்திக்கலாம் என்று பேச்சு வந்தது. ஜாலான் துன் சம்பந்தனிலிருந்து ஒரு சந்து உள்ளே, மாடியில், இசை வகுப்பு நடக்கும் அறை கிடைத்தது. மூன்று மணி நேரத்துக்கு 80 வெள்ளி (ரிங்கிட்). கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம் என்பதால் கிள்ளான்காரர்களும் செந்தூல்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். கார் நிறுத்த இடம் தேடி அரை மணி நேரம் சுற்றியவர்கள் அடுத்த மாதம் கொமுட்டர் ரயிலில் வந்தார்கள்.

முதல் தடுக்கல்

முதல் மாதம் படம் போட்டோம். ஒருவர் புரொஜெக்டர் கொண்டு வந்தார், இன்னொருவர் தன் ஓடிடி கணக்கைத் திறந்தார், வெள்ளைச் சுவர்தான் திரை. கூட்டம் கலையும்போது வழக்கறிஞர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னைக்குப் போட்டது போட்டதா இருக்கட்டும். அடுத்த மாசம் வேண்டாம்" என்றார்.

அவர் சொன்னது இதுதான். திரைப்படத் தணிக்கைச் சட்டம் 2002-இன் 6ஆம் பிரிவுப்படி, தணிக்கை வாரியம் அனுமதிக்காத படத்தைத் திரையிடுவது குற்றம். அபராதம் 5,000 வெள்ளியிலிருந்து 30,000 வரை, அல்லது மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. இது ஏட்டோடு நின்றுபோன சட்டமும் அல்ல. 2013 ஜூலை 3ஆம் தேதி, இலங்கைப் போரின் கடைசி மாதங்களைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தை ஒரு மனித உரிமை அமைப்பு கோலாலம்பூரில் திரையிட்டது. தியேட்டரில்கூட இல்லை, ஒரு மண்டபத்தில். அமைப்பின் ஊழியர் மீது வழக்கு வந்தது. 2016-இல் விடுதலை, அதை எதிர்த்து மேல்முறையீடு, 2017-இல் குற்றவாளி என்று தீர்ப்பு, 10,000 வெள்ளி அபராதம். படம் காட்டியது ஒரு மாலை. வழக்கு ஓடியது மூன்றரை ஆண்டுக்கு மேல். நாங்கள் போட்டது பழைய குடும்பப் படம்தான், அரசியல் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஓடிடி சந்தா வீட்டில் பார்ப்பதற்கு மட்டும். வாடகை அறையில் பத்தொன்பது பேருக்குக் காட்டுவதற்கு உரிமை வைத்திருப்பவரின் அனுமதி வேண்டும். தணிக்கை ஒரு பக்கம், காப்புரிமை ஒரு பக்கம், நடுவில் எங்கள் வெள்ளைச் சுவர்.

சரி, படம் போடுவதில்லை என்று முடிவானது. அவரவர் வீட்டில் முறையாகப் பார்த்துவிட்டு வர வேண்டும், கூட்டத்தில் பேச்சு மட்டும். ஆண்டுக்கு இரண்டு முறை எல்லாருமாகச் சேர்ந்து டிக்கெட் எடுத்துத் தியேட்டருக்குப் போவோம். அதில் ஒரு தடவை ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் இருக்கும் கொலிசியத்துக்குப் போனோம். நூறாண்டு தாண்டிய தியேட்டர். படம் சுமார்தான். படிக்கட்டில் நின்று பேசியது படத்தைவிட நீளம்.

கூட்டம் தேய்ந்த விதம்

வீட்டில் பார்த்துவிட்டு வருவது என்றதும், பார்க்காமலே வந்து தலையாட்டுபவர்களை எப்படித் தடுப்பது என்ற கேள்வி வந்தது. அப்போது நான் ஒரு விதி போட்டேன். கூட்டத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமைக்குள் எல்லாரும் அந்தப் படத்தைப் பற்றி எழுதி வெளியிட்டிருக்க வேண்டும். எழுதாதவர் வரக்கூடாது. பள்ளிக்கூட வீட்டுப்பாடம் மாதிரி. எழுதுகிறவர்கள்தானே, ஒழுங்காக நடக்கும் என்று நினைத்தேன். இந்தக் கூட்டத்தைக் கொன்றது அந்த விதிதான். அது புரிய எனக்கு ஐந்து மாதம் ஆனது.

எழுதி வெளியிட்டவன் பேச வரவில்லை, எழுதியதைக் காப்பாற்ற வந்தான். நாற்காலியில் உட்கார்ந்ததும் கைப்பேசியை எடுத்துத் தன் கட்டுரையை வாசிக்கத் தொடங்கினான். ஒருவர் வாசித்து முடிக்கப் பத்து நிமிடம், பன்னிரண்டு பேர் என்றால் இரண்டு மணி நேரம். மீதி நேரத்தில் சண்டை. ஒரு மாதம், இரண்டரை நட்சத்திரம் கொடுத்தவருக்கும் நாலு கொடுத்தவருக்கும் முற்றியது. இருவரும் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நட்சத்திரத்தைப் பற்றியே பேசினார்கள். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. கோலாலம்பூரில் பிற்பகல் மழை பெய்தால் எங்கேயும் கிளம்ப முடியாது. அதனால் சண்டை ஒரு மணி நேரம் கூடுதலாக நடந்தது.

படத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கோளாறு. வாட்ஸ்ஆப்பில் வாக்கெடுப்பு வைத்தோம். ஒவ்வொரு மாதமும் ஜெயித்தது எல்லாரும் ஏற்கெனவே பார்த்து, ஏற்கெனவே எழுதி, ஏற்கெனவே சண்டை போட்ட படம். யாருக்கும் தெரியாத படத்தை முன்வைத்தவருக்கு அவருடைய ஒரு வாக்குதான் விழுந்தது. இரண்டு மாதம் பார்த்துவிட்டு அவரும் முன்வைப்பதை நிறுத்தினார்.

ஐந்தாவது மாதம், ஆசிரியை கூட்டி வந்த ஒரு பெண் வந்திருந்தார். எழுத்துத் துறைக்குப் புதிது. மூன்று மணி நேரமும் வாய் திறக்கவில்லை. மாடிப்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "எல்லாரும் எழுதிட்டு வந்துட்டீங்க அண்ணே. நான் இனிமே என்ன பேசறது?" அடுத்த மாதம் அவர் வரவில்லை. மற்றவர்களிலும் பாதிப் பேர் வரவில்லை. அதுதான் நான் முதலில் சொன்ன நாலு பேர் கூட்டம்.

அந்த நாலு பேரும் வாசிக்கவில்லை, வாசிக்க ஆள் இல்லையே. பக்கத்து மாமாக் கடைக்கு (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) போய் தே தாரிக் தேநீர் சொன்னோம். பட்டறை அண்ணன் அந்த மாதப் படத்தில் வரும் ஒரு காரைப் பற்றிப் பேசினார். அந்த ஆண்டில் அந்த மாடல் வந்திருக்க முடியாது, கதவின் கைப்பிடி வேறு மாதிரி இருக்கும் என்றார். அதிலிருந்து பேச்சு வேறு எங்கெங்கோ போய்விட்டது. மணி ஒன்பதரை. கொமுட்டரைப் பிடிக்க ஆசிரியை ஓடினார். தன் கட்டுரையில் அந்தக் கைப்பிடியைப் பற்றி அண்ணன் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அதெல்லாம் விமர்சனத்துல எழுதுவாங்களா?" என்றார்.

மாற்றியவை

விதியைத் தலைகீழாக்கினேன். கூட்டம் முடியும்வரை அந்த மாதப் படத்தைப் பற்றி யாரும் எழுதி வெளியிடக்கூடாது. பார்ப்பது, பேசுவது, பிறகு எழுதுவது. ஞாயிறு இரவுக்குப் பிறகு அவரவர் விருப்பம்.

சொல்வது எளிது. எங்கள் ஆட்களுக்கு இது கையைக் கட்டிப்போட்டதுபோல் இருந்தது. இங்கே புதுப் படங்கள் வியாழக்கிழமை வெளியாகின்றன. வியாழன் இரவே எழுதாவிட்டால் வெள்ளிக்கிழமை அதை யாரும் படிக்கமாட்டார்கள். அதனால் இன்னொரு விதியும் கூடவே வந்தது: வெளியாகி ஓராண்டு ஆகாத படத்தைக் கூட்டத்துக்கு எடுப்பதில்லை. பழைய படத்துக்கு அவசரம் இல்லை. ஒரு வாரம் தள்ளி எழுதினால் யாருக்கும் நட்டமில்லை. புதுப் படத்தைப் பேசாமல் இருக்க முடியாதவர்கள் கூட்டம் முடிந்து மாமாக் கடையில் பேசிக்கொள்ளலாம். பெரிய நடிகரின் படம் வந்த வாரத்தில் அந்த மேசையில் கூச்சல் தாங்காது.

வாக்கெடுப்பை எடுத்துவிட்டு முறை வைத்தோம். மாதம் ஒருவர் தேர்ந்தெடுப்பார், மற்றவர்கள் ஏன் என்று கேட்கக்கூடாது. தேர்ந்தெடுத்தவர் படத்துக்கு வக்காலத்து வாங்கவும் வேண்டியதில்லை. அவருக்கு ஒரே வேலை: படத்திலிருந்து ஒரு காட்சியை நினைவிலிருந்து சொல்ல வேண்டும், தொடக்கத்திலிருந்து முடிவு வரை, கேமரா எங்கே இருந்தது, யார் எங்கே நின்றார்கள், என்ன சத்தம் கேட்டது என்று.

இந்தக் காட்சி சொல்லும் பழக்கம் யோசித்து வந்ததல்ல. படம் போட முடியாது, துண்டுக் காட்சி காட்டவும் பயம். வேறு வழியில்லாமல் வாயால் சொன்னோம். இன்று இந்தக் கூட்டத்தில் எது மிச்சமானாலும் இது மிச்சமாக வேண்டும் என்று நினைக்கிறேன். முதல் தடவை ஆசிரியை ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் காட்சியைச் சொன்னார். கணவன் வீட்டைவிட்டுப் போகிறான், மனைவி வாசலில் நிற்கிறாள். "கதவு திறந்தே இருக்கு" என்றார். மாணவர் ஒருவர் குறுக்கிட்டார்: "இல்ல டீச்சர், அவங்க கதவைச் சாத்திடுவாங்க, சத்தம் கேக்கும்." வழக்கறிஞர் சத்தம் கதவினுடையது இல்லை, ஜன்னலினுடையது என்றார். பதினைந்து நிமிடம் கதவும் ஜன்னலும்தான். கதவு திறந்திருந்தால் அவன் திரும்பி வருவான் என்று அவள் நினைக்கிறாள். சாத்தியிருந்தால் அவள் முடிவு செய்துவிட்டாள். மூன்று பேருமே அந்தப் படத்தைப் பற்றி முன்பு எழுதியிருக்கிறார்கள். மூவருமே 'உருக்கமான காட்சி' என்று எழுதியிருக்கிறார்கள். கதவு எப்படி இருந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று இரவு எல்லாரும் வீட்டில் மறுபடி பார்த்தார்கள். குழுவில் நடுராத்திரிக்குப் பிறகும் செய்தி வந்துகொண்டிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது.

ஜகாட் எடுத்த மாதம்

பட்டறை அண்ணனின் முறை வந்தபோது அவர் எடுத்தது சஞ்சய் குமார் பெருமாளின் ஜகாட். 2015 டிசம்பரில் வந்த மலேசியத் தமிழ்ப் படம். 90களின் தொடக்கத்தில், தோட்டத்தைவிட்டு வெளியேறி நகர ஓரத்துக்கு வந்த ஒரு குடும்பத்தின் பையனைப் பற்றியது. அண்ணன் அதுவரை கார் தவிர வேறெதையும் பற்றி அதிகம் பேசியவர் இல்லை.

அன்று அவர் காட்சிக்குப் பதிலாகத் தலைப்பிலேயே தொடங்கினார். மலாயில் 'ஜஹாட்' என்றால் கெட்டவன். தோட்டத்துத் தமிழர்கள் வாயில் அந்த ஹகரம் ககரமாகி 'ஜகாட்' ஆனது, மஹால் மகால் ஆனதுபோல். அண்ணன் வளர்ந்தது புறம்போக்கில் தகரக் கூரை வீட்டில். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அவரை அப்படித்தான் கூப்பிடுவாராம். அது மலாய்ச் சொல் என்பதே அண்ணனுக்குத் தெரியாது. "நான் ரொம்ப நாள் அது தமிழ் வார்த்தைன்னுதான் நெனச்சேன். அகராதியில தேடிப் பாத்திருக்கேன்" என்றார். தமிழ்ப்பள்ளி ஆசிரியை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தன் வகுப்பறையிலும் அந்தச் சொல் புழங்குகிறது என்று ஒப்புக்கொண்டார்.

மாணவர்கள் 2016 விருதுச் சர்ச்சையைக் கிளப்பினார்கள். அந்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் தேசிய மொழியில் இல்லாத படங்களுக்குத் தனிப் பிரிவு வைத்தார்கள். எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதை எல்லா மொழிக்கும் திறந்துவிட்டார்கள், அதை ஜகாட் வாங்கியது. அது நியாயம் கிடைத்த கதையா, சமாதானத்துக்குக் கொடுத்த பரிசா என்று ஒரு வாக்குவாதம். முடிவு ஒன்றும் எட்டவில்லை.

அந்த வாரம் அண்ணன் எழுதிய கட்டுரையில் நட்சத்திரம் இல்லை. நடிப்பு, ஒளிப்பதிவு, இசை என்ற வழக்கமான பத்திகளும் இல்லை. தகரக் கூரையும் வாத்தியாரும் அகராதியும்தான் இருந்தன. அதற்கு முன் எழுதியதையெல்லாம் அவர் எழுதியதே இல்லை என்று சொன்னாலும் நம்பிவிடுவேன்.

இன்னொரு மாதம் வழக்கறிஞர் 1950-இல் வந்த 'பக்தி' என்ற மலாய்ப் படத்தைத் தேர்ந்தெடுத்தார். மலாய்த் திரையுலகின் பெரும் நட்சத்திரமான பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த படம். இயக்கியவர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். மலாயில் 'பக்தி' என்றால் தொண்டு என்ற பொருளும் உண்டு. தலைப்பைப் பார்த்துச் சாமி படம் என்று நினைத்து வந்த ஒருவர் பட்ட பாட்டை இங்கே எழுதமாட்டேன். அந்தக் கால மலாய்ப் படங்களின் பாட்டும் முகபாவமும் நமக்கு ஏன் இவ்வளவு பழக்கமாக இருக்கின்றன என்ற பேச்சு அன்று நன்றாக ஓடியது.

என் கையால் கெட்டது

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில் ஒரு தப்பு செய்தேன். உள்ளூர் இளம் இயக்குநர் ஒருவரை அவருடைய குறும்படத்தைப் பேசும் கூட்டத்துக்கு அழைத்தேன். அவர் வருகிறார் என்று முன்கூட்டியே குழுவில் அறிவிக்கவும் செய்தேன்.

கூட்டத்தில் ஒருவரும் குறை சொல்லவில்லை. தேன் ஒழுகியது. இயக்குநர் தம்பி நெளிந்துகொண்டே நன்றி சொன்னார். நான் பெருமையாக வீட்டுக்குப் போனேன். திங்கள் முதல் கட்டுரைகள் வந்தன: ஏழு கட்டுரை, அதில் ஐந்து கடுமை. இரண்டாவது பாதி அறுந்து தொங்குகிறது என்றார்கள், வசனம் மேடை நாடகம் என்றார்கள். புதன்கிழமை தம்பி எனக்குப் போன் செய்தார். கோபப்படவில்லை. "முன்னாடியே உக்காந்திருந்தேனே அண்ணே, அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார். என்னிடம் பதில் இல்லை.

இங்கே தமிழ்ப் பட உலகம் சின்னது. எழுதுகிறவரும் எடுக்கிறவரும் ஒரே கல்யாணத்தில் ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள். பேசிய பிறகுதான் எழுத வேண்டும் என்ற என் விதி இப்படிப்பட்ட நேரத்தில் ஆளுக்கு இரண்டு நாக்கைக் கொடுத்துவிட்டது. இப்போது விருந்தினர் என்றால் இரண்டாவது மணி நேரத்தில்தான் உள்ளே வருவார். முதல் மணி நேரத்தில் அவர் இல்லாமல் பேசியதில் மூன்று விஷயங்களை, நல்லதோ கெட்டதோ, ஒருவர் அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். அந்த வேலை ஒவ்வொரு தடவையும் ஒருவருக்கு. அதைச் செய்ய யாருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் செய்கிறார்கள். அந்தத் தம்பி மட்டும் திரும்ப வரவில்லை. நான் இரண்டு முறை கூப்பிட்டேன்.

இன்னும் தீராதவை

செலவு ஒரு பிரச்சினையே இல்லை. ஆளுக்குப் பத்து வெள்ளி, வாடகை போக மிஞ்சுவது தேநீருக்கு. ஆள் எண்ணிக்கை பதினொன்று, பன்னிரண்டில் நிலைத்துவிட்டது. அதற்கு மேல் போனால் காட்சி சொல்லும்போது பின்வரிசையில் இருப்பவர்கள் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள், அதனால் நானும் ஆள் சேர்ப்பதில்லை. தைப்பூசம், தீபாவளி மாதங்களில் கூட்டமே இல்லை. முதல் ஆண்டு தீபாவளிக்கு முந்தின ஞாயிறு வைத்து, முறுக்கு சுடும் நாளில் யாரைக் கூப்பிடுகிறாய் என்று வீட்டிலேயே திட்டு வாங்கினேன்.

பெரிய குறை படம் கிடைப்பதில்தான். எல்லாருக்கும் முறையாகக் கிடைக்க வேண்டும் என்ற விதியால் இந்த நாட்டுப் படங்களே கைநழுவுகின்றன. தீபக் குமரன் மேனனின் செம்மண் சாலை, சலங்கை இரண்டும் தொடக்கத்திலிருந்தே பட்டியலில் இருக்கின்றன. ஒரே மாதத்தில் எல்லார் கைக்கும் வரும்படி எங்களால் செய்ய முடியவில்லை. சலங்கையின் கதை நடப்பதே பிரிக்ஃபீல்ட்ஸில். மாடி அறையிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரியும் தெருக்களில். உரிமை வைத்திருப்பவரிடம் அனுமதி பெற்று, தணிக்கை அனுமதியும் இருக்கிறதா என்று பார்த்து, ஒரு நாள் ஒழுங்காகத் திரையிடலாம் என்று வழக்கறிஞர் கடிதம் தயார் செய்துகொண்டிருக்கிறார்.

ஐந்தாவது மாதம் வந்த அந்தப் பெண் திரும்பி வந்துவிட்டார். இப்போது அவருடைய முறைதான் நடக்கிறது.

தியேட்டர் வாசல் தம்பி விலகிவிட்டார். காத்திருந்து பேசுவது அவருடைய தொழிலுக்குக் கட்டுப்படியாகாது என்று நேர்மையாகவே சொன்னார். ஆனால் ஞாயிறு ஆறரை மணிக்கு மேல் மாமாக் கடைக்கு வந்துவிடுவார். ஒரு ரொட்டி சானாய், ஒரு தே ஓ. நாங்கள் படியிறங்கி வருவதைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போடுவார். "கதவு தொறந்திருந்துச்சா, சாத்தியிருந்துச்சா?" என்று கேட்பார். அவருக்கு அது கிண்டல். ஆசிரியை ஒவ்வொரு தடவையும் உட்கார்ந்து பதில் சொல்கிறார்.